உள்ளங்கையில் எழுதிய பாடம்

துணிக்கிடங்குப் பதிவேட்டில் கடினமான சொல் ஏதாவது வந்தால், சலவை அக்காவின் விரல் இன்றைக்கும் முதலில் இடது உள்ளங்கையில்தான் எழுதிப் பார்க்கும். பிறகுதான் பேனா. பக்கத்து மேசைப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அந்த மாலை வகுப்பின் அருமை அவர்களுக்கு என்ன தெரியும்?

மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் பின்னால், சோப்பு மணக்கும் சின்ன அறையில், சலவைப் பெண்கள் ஆறு பேருக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பு. வாத்தியாருக்கு இருபது வயதில் பார்வை போய்விட்டது. அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"தம்பி, என் எழுத்து கோணல்மாணலா இருக்கும்" என்றாள் முதல் நாளே.

"இருந்தா என்னக்கா, நான் பார்க்கவா போறேன்?" என்று சிரித்தபடி அவர் கையை நீட்டினார்.

நாற்பத்தைந்து வருஷத்து வெட்கம் அன்றோடு போயிற்று. அவர் அவள் உள்ளங்கையில் எழுதுவார். அவள் அவர் உள்ளங்கையில் திருப்பி எழுதுவாள். நோட்டு, பேனா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள்.

மூன்றாம் மாதம் கல்வி அதிகாரி வந்து நின்றார்.

"கண்ணு தெரியாதவர் எழுத்துச் சொல்லிக் குடுக்கிறாரா? நல்ல கூத்து! யாராவது ஒருத்தர் உங்க பேரை எழுதிக் காட்டுங்க. இல்லேன்னா இன்னையோட வகுப்பை மூடிடலாம்."

மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா எழுந்து போய்த் தாளில் எழுதினாள். அடக் கடவுளே! கைப்பழக்கம் விடுமா? உள்ளங்கையில் எழுதுவதுபோலவே, ஒரே இடத்தில், எழுத்துமேல் எழுத்தாக எழுதிவிட்டாள். தாளில் ஒரு கறுப்புக் கிறுக்கல்தான் மிஞ்சியது.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். வாத்தியார் முகம் சுண்டிப்போய்த் தன் கைத்தடியைத் தேடினார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க."

"எதுக்கும்மா?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க!"

அந்த அதட்டலில் அவர் நீட்டிவிட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள். அவருக்குப் பிடிபடவில்லை.

"இன்னொரு தரம் எழுதும்மா" என்றார். இப்போது சிரிப்பில்லை.

இரண்டாம் முறை அவர் உதடு அசைந்தது.

"வாத்தியார்... எங்களுக்கு... வேணும்."

கண்ணைத் திறந்தவர், தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். வகுப்பு இன்னும் ஒன்பது வருஷம் நடந்தது.

அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. வாத்தியார் வேலை மாறிப் போன நாளில், வாசலில் நின்று மறுபடியும் கையை நீட்டினார். அக்கா விரலை வைத்தாள். விரல் நடுங்கியதே தவிர, ஓர் எழுத்துகூட வரவில்லை.

"படிச்சிட்டேன்க்கா" என்றார் அவர்.