கூட்டு அழுகை

அழக்கூடாது என்ற ஒரே கட்டளையோடு நாலு வயது மிளகாய் முதன்முதலாக வீட்டை விட்டுப் புறப்பட்டாள். வாயைத் திறந்தால் காரம் என்று அப்பா சூட்டிய பட்டம் அது. வைத்த பெயரை வீட்டாரே மறந்துபோயிருந்தார்கள்.

அம்மாவுக்குச் சட்டை தைக்கும் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. பெற்றவள் பிள்ளையைப் பார்ப்பாளா, பிழைப்பைப் பார்ப்பாளா என்று உறவினர் ஆளுக்கொரு உபதேசம் ஓதினார்கள். பிள்ளையின் தகப்பனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆலையிலேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. ஆனால் முதல் வாரம் சோதனை வாரம். பிள்ளை அங்கே ஒட்டிக்கொண்டால் தாய்க்குத் தையல் எந்திரம். ஒட்டாவிட்டால் தாய்க்கு மறுபடியும் வீட்டுச் சுவர்.

"நீ அழுதா அம்மாவுக்கு வேலை போயிடும்டி கண்ணு" என்று வாசலில் வைத்துச் சொல்லியிருந்தாள் அம்மா.

அழுவதா? மிளகாயா? முதல் நாளே பொம்மைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, அறைக்குத் தானே அதிபதி என்று அறிவித்துவிட்டாள். மறுநாள் உறங்கும் நேரத்தில் பாய்களுக்கிடையே தவழ்ந்துபோய் ஒவ்வொரு கால் விரலாக இழுத்துப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்குக் கால் இல்லை, சக்கரம்தான் இருக்கிறது என்று ஆயா அலுத்துக்கொண்டார். அலுப்பிலும் சிரிப்பு இருந்தது.

எந்தப் பிள்ளை அழுகிறதோ அதன் தாயை ஒலிபெருக்கியில் அழைப்பது காப்பகத்தின் வழக்கம். தாய் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வருவாள். அவள் பின்னாலேயே சூப்பர்வைசர் அம்மா வருவார். பிள்ளைக்கு இடம் கொடுத்த ஆலை, பிள்ளையைப் பார்க்கத் தாய்க்கு நேரம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, மிளகாயின் புதுச் சிநேகிதன் அழுதான். தொட்டதற்கெல்லாம் சிணுங்குவதால் சிணுங்கி என்று அவனுக்கு அவள்தான் பெயர் வைத்திருந்தாள். அவன் தாய் வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் சூப்பர்வைசர் அம்மாவின் குரல் இடித்தது. இன்னொரு தடவை எழுந்து வந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். அந்தத் தாய் தலை குனிந்து போனாள். அந்தக் குனிந்த தலையை மிளகாய் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

சற்று நேரத்தில் சிணுங்கியின் உதடு மறுபடியும் பிதுங்கியது. மிளகாய் அவன் வாயைப் பொத்தினாள்.

"இருடா. தனியா அழாத. எல்லாரும் சேந்து அழுவோம்."

பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தாள். கண்ணீர் வராதே என்று ஒருத்தி கவலைப்பட்டாள். எச்சிலைத் தொட்டு வைத்துக்கொள்ளச் சொன்னாள் தலைவி. பிறகு கையை உயர்த்தினாள், கூரை அதிர்ந்தது. பொய்யாகத் தொடங்கிய அழுகை பாதி வழியிலேயே மெய்யாகிவிட்டது. ஆயா கைகால் ஓடாமல் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு தாயாக அழைத்தார். எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. அறை முழுக்க அம்மாக்கள்.

யார் தொடங்கியது என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டார். எல்லா விரல்களும் தயங்காமல் மிளகாயைக் காட்டின. அவள் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான்" என்றாள் மிளகாய். "ஒருத்தன் அழுதா அவன் அம்மாவைத் திட்டுறீங்க. எல்லாரும் அழுதா யாரைத் திட்டுவீங்க?"

மன்னிப்புக் கேட்கத் திறந்த வாய்தான் அம்மாவுடையது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"டீக்கு மணி அடிக்கிறப்ப நாங்க எல்லாரும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறோம் மேடம். அப்புறம் இதுங்க ஏன் அழப்போகுது?"

சிணுங்கியின் தாய் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு மற்றவர்களும் நின்றார்கள். சூப்பர்வைசர் அம்மா பெண்களைப் பார்த்தார்; ஆளில்லாத எந்திர வரிசையைப் பார்த்தார்; கடைசியில் இடுப்பில் கை வைத்து நின்ற மிளகாயைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது.

"சரி, வந்து பாருங்க. இவ பேரையும் பதிஞ்சுக்கங்க ஆயா. வெளிய விட்டா தெருவையே அழ வைப்பா."

சிரிப்பு வெடித்தது. அதில் சூப்பர்வைசர் அம்மாவின் சிரிப்பும் இருந்தது.

மறுநாள் டீ மணி அடித்ததும் தாய்மார்கள் திமுதிமுவென்று வந்தார்கள். அம்மா கை நீட்டினாள். மிளகாய் ஒரு முத்தத்தை அவசரமாகக் கொடுத்தாள். மூலையில் தலையணைகளை அடுக்கிக் கோட்டை கட்டும் பட்டாளம் அவளுக்காகக் காத்திருந்தது.

"போதும், போம்மா. எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."