மூடிக்கொண்ட மட்டி

கண்டி மார்க்கட்டில் கிளறன்ஸ் விற்கிற மட்டி, அவித்து வாய் பிளந்த பிறகும், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சில நாட்களில் மட்டும் திரும்ப மூடிக்கொள்ளும். முதலில் மூடியது அவர் வீட்டு மேசையில்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி கிடையாது. மருமகள் நடாஷாவுக்கு நாலு மாதம். அவள் கதிரையை இழுத்துப் போட்டதும் சட்டியிலிருந்த மட்டி அத்தனையும் டக்கென்று மூடின. மலைக்குளிருக்கு ஓடு சுருங்குது என்றார் கிளறன்ஸ். புசல்லாவையிலிருந்து வந்து இருபது வருசமாக மீன் விற்கிற மனுசன், தெரியாது என்று சொல்ல வாய் வருமா? கத்தியால் நெம்பித் திறந்து, நல்ல சதையாகப் பார்த்து மருமகளுக்கே வைத்தார். பாசத்தில் குறையில்லை. ஆறாம் மாதம் அந்தப் பிள்ளை தங்காமல் போனது. கடவுள் சித்தம் என்றார் ஃபாதர்; எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த தவக்காலத்தில் நடாஷா மறுபடி முழுகாமல் இருந்தாள். மட்டியும் மறுபடி மூடியது. கிளறன்ஸ் கத்தியை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, போன தடவையும் இது நம்மகிட்ட சொல்லுச்சு."

கிளறன்ஸ் குசினிக்குள் போய் நின்று அழுதார். விடிந்ததும் சட்டியோடு சுகாதாரப் பரிசோதகர் நவரட்ணராஜாவிடம் போனார். யாழ்ப்பாணத்து மனுசர், வீண் பேச்சு பேசாதவர். மூன்று வாரத்தில் ஆய்வுக்கூடத்து முடிவு வந்தது: மட்டி வந்த கடலோரக் களப்பில் தொழிற்சாலைக் கழிவு, மட்டியில் ஈயமும் கட்மியமும். கொறக்காப் புளி நிறையப் போட்டு அவித்தால் போய்விடாதா என்று கேட்டார் கிளறன்ஸ். ஊரே அப்படித்தான் நம்பியிருந்தது.

"எவ்வளவு அவிச்சாலும் ஈயம் போகாது, கிளறன்ஸ். அது நெருப்புக்கும் பயப்படாது, புளிக்கும் பயப்படாது."

மட்டி மூடியதை அவர் அறிக்கையில் எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

அன்றிலிருந்து கடையில் ஒரு அடுப்பும் ஒரு கதிரையும். லொறியில் வருகிற ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி அள்ளி, நடாஷா முன்னால் அவித்தார்கள். மூடினால் மூட்டை திரும்பிப் போகும். மகள் அஷ்வினி சுகமாகப் பிறந்தாள். அதோடு நடாஷாவுக்கு மட்டி மூடுவது நின்றது. பிறகு கதிரையில் மற்றப் பிள்ளைத்தாய்ச்சிகள் உட்கார்ந்தார்கள்: அலவத்துகொடயிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்கள், தேயிலைத் தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள். உட்காருகிறவர்களுக்கு பிளேன்டீ உண்டு. யாரும் வராத நாளில் மட்டி விற்பனை இல்லை. வாங்க வருகிறவர்களும் விலையைக் கேட்குமுன், இன்றைக்கு யார் உட்கார்ந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

நடாஷா மட்டி சாப்பிடுவதில்லை. மற்றபடி வியாபாரம் நன்றாக நடக்கிறது.