ஒரு சென்ட் வித்தியாசம்

இருநூறு முறை ஓடியும் சோதனையில் பிழை காட்டும் சிவப்பு வரி ஒன்றுகூட வரவில்லை என்றதும், இளஞ்செழியன் தன் அறையிலிருந்து எழுந்து வந்து தஹ்மீனாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைதட்டினார். ஜாஸ்லினும் தட்டினாள். மேனேஜரே தட்டும்போது தட்டாமல் இருக்க முடியுமா?

விவசாயிகளின் நிலத்தைப் பதிகிற மென்பொருள் அது. அசல் விவசாயிகளை வைத்துச் சோதிக்க முடியாதென்று, இல்லாத விவசாயிகளுக்கு இஷ்டப்படி நிலம் பிரித்துக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றை ஜாஸ்லின்தான் எழுதியிருந்தாள். பிரித்த துண்டுகளைக் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். பத்தொன்பது தடவை வரும், இருபதாவது தடவை ஒரு சென்ட் குறையும். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது திருக்காட்டுப்பள்ளி விவசாயியின் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமா? மாவை மூன்றால் வகுத்தாள். 0.3333 என்று அது முடிவில்லாமல் போனது. இரண்டு தசமத்தில் வெட்டினாள், நான்கில் வெட்டினாள், ஆறில் வெட்டினாள். மூன்று வாரம் போனதுதான் மிச்சம்.

தஹ்மீனா சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அய்யம்பேட்டையில் செருப்புக்கடை வைத்திருப்பவரின் மகள். சொந்தமாக ஒரு குழி மண் கிடையாது. அவள் வகுத்தலையே தூக்கி எறிந்துவிட்டு, எல்லா நிலத்தையும் மாவைவிடச் சின்ன அளவான குழியிலேயே வைத்துவிட்டாள். மாவுக்கு நூறு குழி, முழு எண், புள்ளிக்கே வேலையில்லை. கடைசியில் மொத்தத்தை மட்டும் ஒரே முறை ஏக்கராக்கினாள். ஜாஸ்லினுக்கு வயிறு எரிந்தது. டீம் லீட் யாரென்று திங்கட்கிழமை சொல்லப்போகிறார்கள். ஐந்து வருடமாக அந்த நாற்காலியில் மனதுக்குள் உட்கார்ந்து பழகிவிட்டவள் அவள்.

"எப்படிடி தோணுச்சு?"

"எனக்கெங்கக்கா தோணுச்சு? உங்கப்பா சொன்னாங்க. டிராக்டர் பெல்ட் வாங்க டவுனுக்கு வந்தப்ப நம்ம ஆபீஸ்ல உங்களுக்காக உக்காந்திருந்தாங்கல்ல, சும்மா கேட்டேன். 'மூணு மா ஒரு ஏக்கர்ங்கிறது பேச்சுக்கும்மா, அளக்கறப்ப குழிதான்'னாங்க."

அன்று ஜாஸ்லின் மீட்டிங்கில் இருந்தாள். மீட்டிங் முடிந்தும் கால் மணி நேரம் உள்ளேயே இருந்தாள், சேற்றுக்காலோடு வந்திருந்த அப்பா காத்திருந்து கிளம்பிப் போகட்டும் என்று.

"ஜாஸ்லின், நீங்க ஒரு தடவ பாத்து அப்ரூவ் குடுத்துடுங்க. உங்க புரோகிராம்தானே" என்றார் இளஞ்செழியன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கமாகூட இடம் மாறியிருக்கவில்லை. பத்தாயிரம் முறை ஓடவிட்டாள். பூண்டி மாதாவே, ஒரே ஒரு சிவப்பு, ஒரே ஒரு சென்ட். வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேட்டாள். மாதாவிடம் இப்படியொரு வேண்டுதல் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

போன் அடித்தது. அப்பா.

"அந்தப் பொண்ணு குழிக் கணக்கு கேட்டுச்சேம்மா, சரியா வந்துச்சா?"

திரையில் பத்தாயிரமும் பச்சையாக நின்றிருந்தன.

"இன்னும் ஓடிக்கிட்டிருக்குப்பா" என்றாள். அவள் விரல் அப்ரூவ் பொத்தானைத் தாண்டிப் போய், பத்தாயிரத்துக்குப் பின்னால் இன்னொரு பூஜ்யத்தைச் சேர்த்தது.