வசதிப்படும்போது பாருங்கள்

எனக்கு வாய் அதிகம் என்று தெருவே சொல்லும். தண்ணீர் பில்லில் பெயர் ஒரு எழுத்துத் தப்பாக வந்தால்கூட நேரில் போய் உண்டு இல்லை என்று பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். ஆனால் மெயில் எழுத உட்கார்ந்தால் மட்டும் எனக்கு என்ன ஆகுமோ தெரியாது, கூழைக் கும்பிடு தானாக வந்துவிடும். "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அனைவரும் நலம் என நம்புகிறேன்" என்று ஆரம்பித்து, நடுவில் பணத்தைப் பற்றி மென்று முழுங்கி ஒரு வரி எழுதி, "அவசரமில்லை, வசதிப்படும்போது பாருங்கள்" என்று முடிப்பேன். இப்படி ஒரே பில்லுக்கு ஐந்து மெயில் அனுப்பியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நான் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற தொழில் செய்கிறேன். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நீளமாக ஒரு அறை, நாலு தையல் மெஷின், ஒரு கட்டிங் மேசை, காலையிலிருந்து சாயங்காலம் வரை சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி. அறுபத்து நாலு அறை உள்ள விடுதி ஒன்றுக்கு எல்லா ஜன்னலுக்கும் இரண்டடுக்குத் திரை தைத்து, மாட்டியும் கொடுத்தோம். முப்பது நாளில் பணம் என்று பேச்சு. அந்த முப்பதும் போய், அதற்கு மேல் நாற்பத்தேழு நாளும் போய்விட்டது. துணிக்கடைக்காரர் வாசலில் வந்து நிற்கிறவர் என்பதால் கையிலிருந்ததை வழித்து அவருக்குக் கொடுத்துவிட்டேன். உருப்படிக் கணக்கில் தைக்கிற இரண்டு பெண்களும் வாராவாரம் கேட்டு வாங்கிவிடுவார்கள். பாக்கி நின்றது மாதச் சம்பளக்காரி ஒருத்திக்கு மட்டும். இரண்டு மாதம்.

அவளை நாங்கள் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவோம். கோடு போடாமலே எட்டடிக்கு நேராகத் தைப்பாள். ஒன்பது வருஷமாக என்னோடு இருக்கிறாள். நான் கத்துகிற கத்தலுக்கு வேறு யாராயிருந்தாலும் ஒன்பது நாள் தாங்கமாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக, பாபினில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, ரெடிமேட் கம்பெனில கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். சம்பளப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவள் போய்விட்டால் வேலை நின்றுபோகும், அது ஒரு பக்கம். அவள் இல்லாத அந்த அறையை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆறாவது மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து, அன்று லீவில் இருந்த என் ஓரகத்தி வந்தாள், புதுப் பேன்ட்டுக்கு நீளம் குறைக்க வேண்டுமென்று. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் வடக்கே பார்த்தால் அவள் தெற்கே பார்ப்பாள். ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள், யார் யாருக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று பார்க்கிற வேலை. அந்தக் கெத்து நடையிலேயே தெரியும்.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவள், கேட்காமலேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"இல்லக்கா, எங்ககிட்டல்லாம் வாய் கிழியப் பேசறீங்க. இந்த ஆளுகிட்ட மட்டும் ஏன் இப்படி கால்ல விழறீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஸ்கேல் மெஷினை நிறுத்தாமல் தலையை மட்டும் குனிந்துகொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று தெரியும்.

"நகருங்க," என்று ஓரகத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இது என்ன தலைப்பு? 'அன்பான நினைவூட்டல்'? நான் காலைல போய் உட்கார்ந்தா நூத்தம்பது மெயில் இருக்கும். தலைப்பைத்தான் பார்ப்பேன். அன்பான நினைவூட்டல்னு இருந்தா, அன்பாவே தள்ளி வெச்சிடுவேன்."

"அடிப்பாவி!"

"ஆமா, பாவிதான். பில் நம்பரு, தொகை, எத்தனை நாள் தாண்டிருக்கு. இந்த மூணும் தலைப்புலயே இருந்தா கை தானா திறக்கும்."

"நலம்கூட விசாரிக்க வேண்டாமா?"

"விசாரிங்க. பணம் வந்தப்புறம் தாராளமா விசாரிங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்படியானால் நல்லா நறுக்கென்று கேட்கிறேன் என்று கீபோர்டைப் பிடுங்கி, "உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா? வேலை செய்தவர்களின் வயிறு..." என்று அடித்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"இப்படி வந்தா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? நமக்கெதுக்கு வம்புன்னு மேலே அனுப்பிடுவோம். அது மேசை மேசையா ஒரு மாசம் சுத்தும். அக்கா, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறது முதலாளி இல்ல. என்னை மாதிரி ஒருத்தி. அவகிட்ட சண்டையும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். அவ வேலைய சுலபமாக்கிக் குடுங்க, போதும்."

பில்லை மறுபடி இணைக்கச் சொன்னாள். சரக்கு வாங்கிக்கொண்டதற்கு விடுதிக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு எங்கே என்று கேட்டாள். அது இஸ்திரி மேசை இழுப்பறையில் பட்டன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. போனில் படம் எடுத்து அதையும் சேர்த்தாள். கடைசியில் மெயில் இப்படி நின்றது:

"வணக்கம். அறுபத்து நாலு அறைகளுக்கான திரைச்சீலை வேலையின் பில் எண் 118, செலுத்த வேண்டிய நாளைத் தாண்டி நாற்பத்தேழு நாள் ஆகிறது. பில்லும், சரக்குப் பெற்றுக்கொண்ட கையெழுத்துச் சீட்டும், எங்கள் வங்கி விவரமும் இணைத்திருக்கிறேன். பணம் எந்தத் தேதியில் வரும் என்று நாளை மாலைக்குள் தெரிவியுங்கள். இதில் ஏதாவது குறை இருந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள். நன்றி."

"அவ்ளோதானா?" என்றேன். மொட்டையாக இருந்தது எனக்கு. கடைசியில் ஒரே ஒரு "வசதிப்படும்போது" போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை, அவளேதான் அழுத்தினாள்.

பேன்ட்டுக்கு ஸ்கேல் நீளம் குறைத்து இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஐந்து மெயிலுக்கு அசையாத இடத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில். ஓரகத்திதான் சத்தமாகப் படித்தாள்.

"அம்மா, வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்களுடைய முந்தைய ஐந்து மெயில்களும் என்னிடம் இருக்கின்றன. ஐந்திலும் அவசரமில்லை என்று நீங்களே எழுதியிருந்ததால், அவசரமாகக் கேட்டவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, உங்களுடையதை அடுத்த கட்டத்துக்குத் தள்ளி வைத்திருந்தேன். வியாழக்கிழமை காலை பணம் வந்து சேரும். திரைகள் மிக நன்றாக இருக்கின்றன என்று தங்க வருகிறவர்கள் சொல்கிறார்கள்."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏண்டி, அவசரமில்லன்னு ஒரு மரியாதைக்குச் சொன்னா, அதை அப்படியே எடுத்துப்பானா? சொல்றவளுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்னு ஒரு மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே திரும்பினேன். ஸ்கேல் பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒன்றாம் தேதி இதே இடத்தில் நின்று, "இந்த மாசம் கொஞ்சம் தள்ளிப்போகும்டி" என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "பரவால்லக்கா, மெதுவா குடுங்க." இந்த மாதமும் அதையேதான் சொன்னாள். நான் இரண்டு தடவையும் அப்பாடா என்று மாடிக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். வாசலில் வந்து நின்ற துணிக்கடைக்காரருக்கு முதலில். வாய்விட்டுக் கேட்ட பெண்களுக்கு அடுத்து. பரவாயில்லை என்றவளுக்குக் கடைசியில். விடுதிக் கணக்கர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் ஒரு இழை வித்தியாசம் இல்லை.

"வாடகை எப்படிடி குடுத்த?" என்று கேட்டேன்.

அவள் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டே, "வளையலை அடகு வெச்சேன்க்கா," என்றாள்.

ஓரகத்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பேன்ட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு, "வரேன்க்கா, லேட்டாயிடுச்சு," என்று கிளம்பிவிட்டாள். போகிற முதுகைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பதினாலு வருஷம் அவளை வைது தீர்த்திருக்கிறேன். என் கடையையும் என் மானத்தையும் காப்பாற்றி, அதைவிட என் கண்ணையும் அவளல்லவா திறந்துவிட்டாள். வாசல் வரை ஓடிப்போய், "ஏய், ரொம்ப நன்றிடி" என்றேன்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே வந்து ஸ்கேலிடம், "வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ரெண்டு மாசமும் முழுசா," என்றேன். அவள் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்குப் பணம் வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாலு மணிவரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? வங்கிக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து, மதியத்துக்கு முன்னாலேயே கவரை அவள் மெஷின்மேல் வைத்தேன். அடகு வட்டிக்கும் சேர்த்து வைத்திருந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சைப் பேசினேன்.

"இந்தப் பணம் உன்னைப் பிடிச்சு வெக்க இல்ல. இது உன்னோடது, லேட்டா குடுக்கறேன், தப்பு என்னோடது. அந்தக் கம்பெனி நல்ல கம்பெனின்னா போடி. நான் சத்தியமா கோவப்பட மாட்டேன்."

அவள் கவரைப் பிரித்து எண்ணினாள். முன்னெல்லாம் எண்ணாமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொள்வாள். இன்று என் எதிரிலேயே ஒவ்வொன்றாக எண்ணினாள். வட்டிக் காசைத் தனியே பிரித்துப் பார்த்துவிட்டு அதையும் உள்ளே வைத்தாள். பிறகு கவரை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மூணு வருஷமா ஒரே சம்பளம். அடுத்த மாசத்துலேருந்து கூட்டிக் குடுங்க."

சொல்லிவிட்டு எவ்வளவு என்றும் சொன்னாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் அப்படியே கட்டிங் மேசையில் சாய்ந்துகொண்டேன். போகிறவள் சம்பளம் கூட்டிக் கேட்பாளா? தெய்வமே, இவள் இருக்கப்போகிறாள்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

"அக்கா, சரியா இல்லையா? பதில் சொல்லுங்க," என்றாள் ஸ்கேல்.