காய் வெந்த தண்ணீர்

எங்கள் அம்மா கொளஞ்சி இருக்கும் வீட்டில் குப்பைக்கூடைக்கு வேலை கிடையாது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், வாழைக்காய்த் தோல் பொரியலாகும், பூசணி விதை வறுபட்டு டப்பாவுக்குப் போகும். காலிஃபிளவர் தண்டைக்கூட விடமாட்டாள். உப்பளம் பகுதியில் எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டிக்காரர், "உங்க வூட்ல சமைக்கிறீங்களா இல்லியா?" என்று கேட்டே விட்டார். அம்மாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அப்பாவின் வாட்ச்மேன் சம்பளத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டோம் என்றால் அந்தத் தோலாலும் தண்டாலும்தான்.

2006இல் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவோம். டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: "காயத் தோல் சீவி நெறைய தண்ணியில வேக வைங்க. அந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டு காய மட்டும் குடுங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. பஸ் போய்விடுமே என்ற நினைப்பில் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அதே வார்த்தைகளை ஒப்பித்தேன். "காய் மெத்துனு வேகணும்னு சொல்றாங்க" என்று அம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். சொன்னபடியே வேகவைத்து ஒட்ட வடித்தாள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றத்தான் அவளுக்குக் கை வரவில்லை. "சத்தெல்லாம் இதுலதான்டி கெடக்கு" என்று மிளகு சீரகம் தட்டிப் போட்டு, தக்காளி கரைத்து ரசம் வைத்துவிட்டாள். அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான்.

அப்பா அந்தச் சப்பென்ற காயை நாலு நாள் பொறுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள், "கொளஞ்சி, அந்த ரசத்துல ஒரு டம்ளர் குடேன்" என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ரசம்தான் கொடுக்கிறார்கள். அதில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது? டாக்டர் அளந்து குடிக்கச் சொன்ன தண்ணீரில் ஒரு டம்ளரைக் குறைத்துவிட்டு ரசம் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் கொடுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பா முகத்தில் ஒரு களை வந்தது. பார்த்துச் சந்தோஷப்பட்டேன் பாவி.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்குக் கால் துவண்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறி இதயம் நின்னுபோச்சும்மா. காய்ல இருக்கறது தண்ணியில எறங்கிடும்னுதான் அத ஊத்தச் சொன்னேன். ஊத்துனீங்கல்ல?"

அம்மா பத்தடி தள்ளி பெஞ்சில், அப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊத்திட்டோம் சார்" என்றேன். அவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் நான் பொய் சொன்னதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அடுத்த வீட்டுப் பார்வதி அக்கா வந்து, "பத்தியம் தப்பாம பாத்துக்கிட்டியே கொளஞ்சி, ஒன்ன மாதிரி யாரால முடியும்?" என்று அம்மாவைத் தேற்றினாள். அவள் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"சிவசங்கரி, சனிக்கெழம சாயங்காலம் இன்னொரு டம்ளர் ரசம் கேட்டாருடி. வாயத் தொறந்து எதையும் கேக்காத மனுஷன். வேலைக்குப் போன புள்ள பசியோட வருமேன்னு ஒனக்கு எடுத்து வெச்சிட்டேன். அத அவருக்குக் குடுத்திருக்கக் கூடாதா நானு?"

தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன். டாக்டர் சொன்னது தொண்டை வரை வந்தது.

"குடுத்திருக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி, அவளோடு சேர்ந்து அழுதேன்.