பெயர், நேரம், கையெழுத்து

மேசை இழுப்பறைக்குள் கௌஸ்துபின் வலது கையைத் திணித்து, ஹரிபாபு முழங்காலால் ஓங்கி இடித்தான். உள்ளே சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கௌஸ்துபுக்கு அலறக்கூட மூச்சு வரவில்லை. வாயைப் பிளந்தபடி நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டான்.

“சதவரா,” என்றான் ஹரிபாபு. படிடா என்று அர்த்தம்.

மேசைமேல் பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்ட் நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது. லேபிளில் ‘ம. சிவசங்கரி, இதழியல், இரண்டாம் ஆண்டு’ என்று இருந்தது. அந்தச் சிவசங்கரியின் பின்னலைத்தான் சுவரோரமாக ஒருவன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

திருப்பதியில் அந்தக் கல்லூரியின் இதழியல் துறை மாதம் ஒரு பத்திரிகை போடுகிறது. ‘அத்தம்’ என்று பெயர், தெலுங்கில் கண்ணாடி. எட்டுப் பக்கமும் மாணவர்கள் கைவேலை. கம்ப்யூட்டரில் செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டுகிறவன் கௌஸ்துப். அவன் அப்பா சக்ரபாணி, கோயிலில் கைங்கரியம் பண்ணுகிறவர். செய்தி எழுதுகிறவர்களில் முதல் ஆள் சிவசங்கரி. பிச்சாட்டூர்ப் பக்கம், குத்தகை நிலத்தில் நெல் போடுகிற வீடு. பத்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள்.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், அஷ்வின் என்ற முதலாண்டுப் பையனை ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்துக் கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்தார்கள். விலா எலும்பில் மூன்று போயிற்று. இடது காதில் ரத்தம். ஹாஸ்டல் பதிவேட்டில் ‘குளியலறையில் வழுக்கி விழுந்தார்’ என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள்.

கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர். மெஸ்ஸில் சோறு வடிக்கிற ரங்கன், சாந்திபுரத்துக்காரர். பாத்திரம் கழுவுகிற இடத்தில் சிவசங்கரியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“டேங்க் மூடி தொறந்துகீதான்னு பாக்க மேல போனேன் பாப்பா. அந்தப் புள்ளைய குப்புறப் போட்டு அடிச்சிக்கினு இருந்தானுங்கோ. ஹரிபாபுவும் இன்னும் மூணு பேரும். அஞ்சாவதா ஒருத்தன் கதவாண்ட நின்னுக்கினு, போதும் வுட்ருங்கடான்னு ரெண்டு வாட்டி சொன்னான். அவன் மட்டும் கை வெக்கல.”

“எழுதட்டுமாண்ணா?”

“எழுது. எம்பேரு மட்டும் வாணாம். மெஸ் காண்ட்ராக்டரு யாருன்னா, அந்த ஹரிபாபுவுக்குச் சித்தப்பன். என்னைச் சோத்துப் பானையிலயே போட்டு வேக வெச்சுடுவான்.”

“உசிரு போனாலும் என் வாயிலேர்ந்து வராதுண்ணா.”

சொன்னதைக் காப்பாற்றவும் செய்தாள். செய்தியில் ரங்கன் பெயர் இல்லை, மெஸ் என்ற சொல்கூட இல்லை. ஒருவன் தடுக்கப் பார்த்தான் என்பதை மட்டும் நியாயத்துக்காக எழுதினாள். அடிக்காதவனை அடித்தவர்களோடு சேர்த்துவிடக் கூடாது அல்லவா?

தப்பு வேறு இடத்தில் நடந்தது. செய்தி தந்தவரின் பெயரைக் காப்பாற்று என்று நெறிமுறை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் நீரஜா மேடம். யாரிடம் பேசினாலும் பெயர், நேரம், கையெழுத்து மூன்றும் ரெக்கார்ட் நோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது மார்க் போச்சு என்று செய்முறை வகுப்பில் சொன்னவரும் அதே மேடம்தான். இந்த இரண்டும் ஒன்றையொன்று கடிக்கும் என்று நாற்பது பேர் வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவசங்கரி ஒரு கட்டத்தையும் காலியாக விடுகிற பெண் இல்லை. ரங்கனுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும் என்று அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதினாள். ஒப்படைக்கும்போது இங்கிலீஷில் பெயர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

“இது இன்னாத்துக்கு பாப்பா?”

“மார்க்குக்குண்ணா. பீரோவுல பூட்டி வெச்சிருப்பாங்க.”

ரங்கன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பத்திரிகை திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை மதியம், மேடம் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, ஐந்து பேர் ஸ்டம்போடு பத்திரிகை அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டார்கள். முதலில் இரண்டு கம்ப்யூட்டர் திரை போயிற்று. பிறகு பீரோவைக் குப்புறத் தள்ளினார்கள்; கண்ணாடி தெறித்துக் கௌஸ்துபின் புருவம் கிழிந்தது.

“போன மாசம் வேற ஏதோ பேட்டின்னு வந்து எங்கிட்டயே கையெழுத்து வாங்கினீங்களே. அந்த நோட்டு எங்கே?” என்றான் ஹரிபாபு.

நோட்டு கிடைத்தது. பக்கமும் கிடைத்தது. ஆனால் அவனுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும்தான் தெரியும்.

“அரவத்துல எழுதியிருக்கா, கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. இவன் வீட்ல அரவம்தானே பேசறாங்க? படிக்கச் சொல்லு.”

அரவம் என்றால் தெலுங்கில் தமிழ். அங்கேதான் கௌஸ்துபின் கை மாட்டியது. அவன் வீட்டில் பேச்சு தமிழ்தான், எழுத்து தெலுங்கு. பாசுரம்கூடத் தெலுங்கு எழுத்தில் பார்த்துத்தான் சொல்லுவான். இது சிவசங்கரிக்குத் தெரியும். ஹரிபாபு எப்படி நம்புவான்?

“சத்தியமாப் படிக்க வராதுடா... தாயார் சத்தியம்... எழுத்தே கத்துக்கலைடா...”

இழுப்பறை இரண்டாம் தடவை மூடியது. கௌஸ்துப் மேசை விளிம்பில் வாந்தி எடுத்தான். பிறகு அந்தக் கையை வெளியே இழுத்து, காகிதம் வெட்டுகிற இயந்திரத்தின் தட்டில் வைத்தார்கள். ஹரிபாபு கத்தியின் கைப்பிடியை மேலே தூக்கினான்.

“அது வேணாம்டா ஹரி. போதும் விடு,” என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

சிவசங்கரி திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றவன் பிரஹ்லாத். சித்தூர்ப் பையன், பி.காம். மாடிக் கதவருகே நின்ற ஐந்தாவது ஆள் இவன்தான் என்று அந்தக் கணம் அவளுக்கு விளங்கியது.

“நான் படிக்கிறேன். அவன் கையை எடுங்க.”

பின்னலைப் பிடித்திருந்தவன் அவளைத் தரதரவென்று இழுத்து வந்து நோட்டின் முன்னால் நிறுத்தினான். அவள் எழுத்துத்தான், குண்டு குண்டாக. பெயர்: ரங்கன். நேரம்: மாலை 6.40. கீழே கோணலாக ஒரு கையெழுத்து.

“பெயர்,” என்றாள். “பிரஹ்லாத். நேரம், மாலை ஆறு நாற்பது.”



“ஏய், பொய் சொல்றா! ஹரி, தேவுடு சாட்சியா நான் இவகிட்டப் பேசினதே இல்லடா!”

“அதான் பேப்பர்ல உன்னை மட்டும் உத்தமன்னு போட்டிருக்கா?” என்றான் ஹரிபாபு மெதுவாக. “தடுக்கப் பார்த்தானாம். நாங்க நாலு பேரும் ராட்சசனுங்க, நீ சாமி!”

அவள் நியாயத்துக்காக எழுதிய வரி அது.

முதல் அடி ஸ்டம்பால் பிரஹ்லாதின் வாயில் விழுந்தது. பல் ஒன்று தரையில் உருண்டு சிவசங்கரியின் செருப்பைத் தொட்டு நின்றது. விழுந்தவனை எழவிடவில்லை. நால்வரும் சுற்றி நின்று, நெல் போர் அடிக்கிற மாதிரி, ஒருவன் கை இறங்க ஒருவன் கை ஏற, மாற்றி மாற்றி அடித்தார்கள். பிரஹ்லாத் முதலில் அம்மா என்றான். பிறகு சிவசங்கரியைப் பார்த்து, “சொல்லுக்கா... நான் இல்லேன்னு சொல்லுக்கா...” என்றான். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வராந்தா நெடுக ஒரு சிவப்புக் கோடு.

அன்றே அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய், மெஸ் அடுப்பில் ரங்கன் கண் முன்னால் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ரங்கன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை வெக்காத புள்ளையாச்சே பாப்பா அது,” என்றார் கடைசியில். கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போலீஸ் வந்து ஹரிபாபுவையும் மற்ற மூன்று பேரையும் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் சித்தப்பன் வெளியில்தான் இருந்தான். மெஸ்ஸும் அவன் கையில்தான் இருந்தது. கௌஸ்துபின் மூன்று விரலுக்குக் கம்பி வைத்தார்கள். இனிமேல் பக்கம் கட்ட இடது கையைப் பழக்க வேண்டும் என்று அவன் சிரிக்கப் பார்த்தான்.

எட்டாம் நாள் சிவசங்கரி சித்தூருக்குப் பஸ் ஏறினாள். பிரஹ்லாதை அவன் வீட்டார் அங்கே ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். தாடையில் கம்பி, ஒரு கண் மூடிக் கட்டு, கால் உயரத் தூக்கிக் கட்டிய நிலை. வலது கை மட்டும் முழுசாக இருந்தது. அவன் அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாள்.

“நான் பொய் சொன்னேன்,” என்றாள் தெலுங்கில். “நோட்டுல உன் பேர் இல்லை. பத்திரிகையில அடுத்த இதழ்ல நான் சொன்னது பொய்னு போடப்போறேன். அதுக்கு முன்னாடி உங்கிட்டச் சொல்லணும்னு வந்தேன்.”

கட்டில்லாத கண் அவளையே பார்த்தது. கம்பிக்குள்ளிருந்து பேச்சு சீறிக்கொண்டு வந்தது.

“யார் பேர் இருந்துச்சு?”

அவள் பார்வையை அவன் கால் கட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

“யாருக்காக என்னை அடிக்க வெச்ச? அதையாவது சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

அவன் கை நீண்டு அவள் வலது கையைப் பிடித்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்பக்கம் வளைத்தான்.

“பேர்.”

தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டிற்று.

“பேர் சொல்லுடி!”

விரல் ஒடிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவள் கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரஹ்லாத் கையை விட்டான். கட்டில்லாத கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

நர்ஸ் ஓடி வந்தாள். “ஐயய்யோ, என்னம்மா ஆச்சு கையில?”

சிவசங்கரி எழுந்து நின்றாள். அஷ்வினுக்கு ஹாஸ்டல் பதிவேட்டில் எழுதிய அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

“கதவுல மாட்டிக்கிச்சு சிஸ்டர்.”

நர்ஸ் அவளையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசைக்குக் கூட்டிப் போய், நீளமான பதிவேட்டைத் திறந்து, பெயர் கேட்டாள், நேரம் எழுதினாள், கதவில் நசுங்கியது என்றும் எழுதினாள்.

“இங்க ஒரு கையெழுத்து.”

சிவசங்கரி பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டாள்.