மூடியைத் திறந்தவள்

20 நவம்பர் 1985, புதன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. பம்பாய்க் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆள் வருவது சந்திரகலா அக்காவுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். தெரிந்திருக்கிறது. இன்று காலை அவர் தலையில் பூ இல்லை, நெற்றியில் திருநீறும் குங்குமமும் இல்லை. உதிராத ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எட்டு மணிக்கே அக்காவும் முருகையன் அண்ணனும் நானும் எங்கள் மேசைகளில் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் அறை ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் உமிச் சாம்பல் பறந்து வரும் என்பதால் திறப்பதில்லை. மின்விசிறி சுற்றினால் திருகாணி காணாமல் போகும் என்பதால் அதைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். மழை மாதத்திலும் அறை வேகும். வியர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் ஆளுக்கொரு துணிப் பட்டை கட்டிக்கொள்வோம்.

பம்பாயில் ஒரு பழைய இறக்குமதிக்காரரின் கிடங்கில் நாற்பது வருஷமாகக் கிடந்த சுவிஸ் கடிகாரங்களின் உள்பாகங்களைக் கம்பெனி மொத்தமாக வாங்கியிருக்கிறது. உள்பாகத்தை நாங்கள் மிஷின் என்போம். தினமும் சாவி கொடுத்து ஓட்டும் வகை. எல்லோரும் பேட்டரி வாட்சுக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில், இந்த மிஷின்களைத் தங்கக் கூட்டில் வைத்து, பின்பக்கம் எண் பொறித்து, நூறே நூறு கடிகாரங்கள் மட்டும் விற்கப்போகிறார்கள். பிசினாக இறுகிவிட்ட பழைய எண்ணெயைக் கழுவி, புது எண்ணெய் வைத்து, மறுபடி ஓடவைத்து அனுப்புவது எங்கள் வேலை. பரசுராமன் சார் அதை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்.

இதை முதல் நாள் அவர் விளக்கிச் சொன்னபோது, பஸ் ஸ்டாண்டில் வாட்ச் கடை வைத்திருந்த முருகையன் அண்ணன், "நூறு பேருக்கு சரி சார். நூத்தி ஒண்ணாவது ஆளு யாருகிட்ட மணி கேப்பான்?" என்றார். சாரும் சிரித்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். இந்த நூறும் முடிந்தால் மூன்று பேரையும் கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருந்தார்.

அதை நம்பித்தான் சந்திரகலா அக்கா கீழ்பென்னாத்தூரில் கிடைத்த சத்துணவு ஆயா வேலையை ஜூன் மாதம் வேண்டாம் என்றார். அவர் வீட்டுக்காரர் ராமதாஸ் இதே மில்லில் வேலை செய்தவர். இப்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாத அளவுக்கு இருமல். வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். வேலைக்குப் போவது அக்கா ஒருவர்தான்.

ஆயுத பூஜையன்று நடந்ததை இங்கே எழுத வேண்டும். மேசைகளுக்குச் சந்தனம் வைத்தோம். ட்வீசர், திருப்புளி, எண்ணெய்க் குச்சி எல்லாவற்றையும் கழுவிப் படத்தின் முன்னால் அடுக்கினோம். அனுப்பத் தயாராக இருந்த பன்னிரண்டு மிஷின்களையும் தட்டோடு கொண்டுவரச் சொன்னார் பரசுராமன் சார். ஒவ்வொன்றும் சின்னக் கண்ணாடி மூடிக்குள் இருந்தது.

"மூடியை எடும்மா. சாமி பார்க்க வேணாமா?" என்றார்.

அக்கா தயங்கினார். "தூசு வுழும் சார்."

"அண்ணாமலையார் துண்ணூறுல இன்னாம்மா தூசு? எடு."

அக்கா எடுத்தார். சாம்பிராணி போட்டதும் கற்பூரம் காட்டியதும் சார்தான். திருநீற்றை அள்ளித் தட்டின் மேல் தூவியதும் அவர்தான். பிறகு பொரியும் சுண்டலும் கொடுத்தார். அக்கா மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடி மூடினார். மறுநாள் தட்டு பம்பாய்க்குப் போனது. பன்னிரண்டும் பம்பாயில் ஓடாமல் நின்றுவிட்டன.

இன்று பத்து மணிக்குக் கார் வந்தது. வந்தவர் பெயர் கோதண்டராமன். பம்பாயிலேயே வளர்ந்த தமிழர். கோபக்காரராகத் தெரியவில்லை. முதலில் ஒரு வண்ணத்தாளை எடுத்து எங்களுக்குக் காட்டினார். வாங்கப்போகிறவர்களுக்காக அச்சடித்தது. வழவழப்பான தாள். அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட, நரைத்த தலை வெளிநாட்டுக்காரர் ஒருவர் கடிகாரத்தின் மேல் குனிந்திருந்தார். முருகையன் அண்ணன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பின்பக்கத்தில் கடிகாரம் மட்டும் இருந்தது.

பிறகு கோதண்டராமன் சார் தன்னோடு கொண்டுவந்திருந்த, நின்றுபோன மிஷின்களில் ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொருவராகக் கண்ணில் லென்ஸைப் பொருத்திப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். எண்ணெயில் மாவு பிசைந்த மாதிரி சாம்பல் நிறக் கூழ். சக்கரப் பற்களில் கரி. அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"கோயில் வாசனை வருது," என்றார். "மூடியைத் தெறந்தது யாரு?"

பரசுராமன் சார் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார் தெறந்தேன்," என்றார் சந்திரகலா அக்கா.

சொல்லிவிட்டு அவர் பரசுராமன் சார் பக்கம் திரும்பி நின்றார். மீதியை அவர் சொல்வார் என்று காத்திருந்தார் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

"நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் சார்," என்றார் பரசுராமன் சார். "பொம்பளைங்க. பக்தி கொஞ்சம் ஜாஸ்தி."

"சாமி பார்க்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. முருகையன் அண்ணன் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு தன் மேசைமேல் குனிந்துவிட்டார். மேசைமேல் ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"வேணு, நீ இருந்தியே."

நான் எழுந்தேன். "வேணு, சாருக்கு டீ சொல்லிட்டு வா," என்றார் பரசுராமன் சார்.

போனேன். அவர் சொன்னதால் போனேனா, போனால் தேவலை என்று எனக்கே இருந்ததா என்பதை இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் கூட்டம். தீபத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள் மூங்கிலைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். டீயோடு திரும்பியபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. நெற்றிப் பட்டை மடித்து மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. அவரது தட்டு என் மேசைக்கு வந்திருந்தது.

மதியம் சாப்பிட வெளியே போனபோது அக்கா மில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். டிபன் பாத்திரம் கையில் இருந்தது. திறக்கவில்லை.

"லென்ஸை உள்ளயே வெச்சுட்டேன். அது கம்பெனிது," என்றார். பிறகு சத்துணவு வேலைக்கு ஆள் போட்டுவிட்டார்களா என்று கேட்டார். வெள்ளையம்மாளைப் போட்டு நாளாகிவிட்டது, அது அவருக்கும் தெரியும். நான் ஆமாம் என்றேன்.

"சும்மாதான் கேட்டேன்."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. டீ வாங்கப் போனதைப் பற்றித் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"நீ வாயத் தெறந்திருந்தா உன்னையும் அனுப்பியிருப்பாங்க. வுடு," என்றார். "என் தட்டுல அஞ்சு மிஷின் கெடக்குது பாரு. மூணாவதுக்கு இன்னும் எண்ணெய் வெக்கல. அப்படியே சாவி குடுத்துடாத, தேஞ்சிடும்."

வீட்டுக்குப் போய் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கவில்லை. மில்லின் பின் கதவு வழியாக அவர் போனார். முன் கதவுப் பக்கம் கார் நின்றிருந்தது.

அந்த நேரத்தில் பரசுராமன் சார் கோதண்டராமன் சாரைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார். தெரிந்த குருக்கள் மூலமாகச் சன்னிதிக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்ததாகப் பிறகு சொன்னார். நான் மூன்றாவது மிஷினுக்கு எண்ணெய் வைத்தேன். ஐந்தும் ஓடத் தொடங்கின. மூடி வைத்தேன். இவற்றைக் கோதண்டராமன் சார் நாளைக் காலை பத்து மணிக்குக் காரிலேயே பம்பாய்க்கு எடுத்துப் போகிறார். யார் வேலை செய்தது என்று காட்டும் தட்டுச் சீட்டில் அக்காவின் மேசை எண்ணை அடித்துவிட்டு என் எண்ணைப் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டேன்.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். கோதண்டராமன் சார் நெற்றி நிறையப் பட்டையாகத் திருநீறு. நடுவில் சந்தனமும் குங்குமமும். சட்டைப் பையில் பிரசாதப் பொட்டலம் பிதுங்கியிருந்தது. முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. நேராக என் மேசைக்கு வந்து, ஐந்து மூடிகளையும் தன் கையாலேயே எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"நல்லா ஓடுதே," என்று குனிந்தார்.

அறை சூட்டில் அவருக்கு வியர்க்கத் தொடங்கியிருந்தது. இன்னும் நெருங்கிப் பார்க்க லென்ஸைப் பொருத்தியபோது அவர் புருவம் சுருங்கியது. காய்ந்த திருநீறு பொருக்காக விட்டு உதிர்ந்தது. முதல் மிஷின்மேல் விழுந்தது. தட்டின் நீளத்துக்கு அவர் நகர நகர மற்றவற்றின் மேலும் விழுந்தது. இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்த பேலன்ஸ் சக்கரம் ஒன்று வெளுத்து, அப்படியே ஆடியது.

நான் முருகையன் அண்ணனைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். கையில் இருந்த ட்வீசரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார்.

கோதண்டராமன் சார் நிமிர்ந்து என் தோளில் தட்டினார். பரசுராமன் சார் என்னிடம், "மூடு வேணு. தூசு வுழும்," என்றார்.

ஐந்தையும் மூடினேன்.

அதன் பிறகு திறக்க வழியில்லாமல் போனது. ஐந்து மணி வரை இரண்டு பேரும் அறையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அக்காவின் மேசைக்கு வரப்போகும் பெண்ணைப் பற்றியும் பேசினார்கள். பிறகு அறையைப் பூட்டிச் சாவியை மில் வாட்ச்மேன் தருமனிடம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் முருகையன் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் என்னோடு நடந்தார். பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில், "உன் நம்பருதானே போட்டிருக்குது," என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டார்.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன். இரண்டு பக்கம் அடித்தேன். பிழைகள் வழக்கத்தைவிட ஜாஸ்தி.

நாளைய வேலை: ஆறு மணிக்கே தருமனிடம் சாவி கேட்க வேண்டும். ஐந்து மிஷின்களையும் சக்கரம் சக்கரமாகப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து, பத்து மணிக்கு முன்னால் மூடிவிட வேண்டும். ஐந்தும் முடியுமா என்று தெரியவில்லை. மூன்றாவதை முதலில் எடுக்க வேண்டும். காலையில் அம்மா திருநீறு பூசிவிட வருவாள். வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.